கிறிஸ்துமஸ் லீவில் வெளிநாடா? டிக்கெட் போடும் முன் செய்யும் தவறுகள்

காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்த கொஞ்ச நாளிலேயே சென்னை வீடுகளில் பேச்சு தொடங்கிவிடும். போகலாமா வேண்டாமா என்பது முடிவாகும் முன்பே அப்பா சுவிட்சர்லாந்து என்பார், பிள்ளைகள் சிங்கப்பூர் என்பார்கள். முதல் தவறு இங்கேதான். நாட்டை முடிவு செய்துவிட்டு, அப்புறம் தேதியை அதற்குள் திணிக்கிறோம். அரையாண்டு விடுமுறை பெரும்பாலும் டிசம்பர் 24-ஐ ஒட்டித் தொடங்கி, புத்தாண்டு பிறந்ததும் முடிந்துவிடும். அந்த ஒன்பது பத்து நாளில் நினைத்த ஊர் எப்படி இருக்கும் என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவை எடுத்துக்கொள்வோம். படங்களில் பார்த்து ஆசைப்படும் கிறிஸ்துமஸ் சந்தைகள் நவம்பர் கடைசியிலேயே தொடங்கிவிடுகின்றன. ஜெர்மனியின் புகழ்பெற்ற நூரம்பெர்க் சந்தை டிசம்பர் 24-ஆம் தேதியோடு சரி. மியூனிக்கின் மரியன்பிளாட்ஸிலும் அப்படியே. நம் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து, விமானம் ஏறி, அங்கே போய் இறங்கும்போது கடைகளைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். வியன்னா போன்ற சில ஊர்களில் புத்தாண்டு தாண்டியும் சில சந்தைகள் இருக்கும். போகிற ஊரின் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். லண்டனில் 25-ஆம் தேதி பாதாள ரயிலும் ஓடாது, பஸ்ஸும் ஓடாது. பாரிஸில் அந்த வாரம் விடிவதே காலை எட்டே முக்காலுக்கு; மாலை ஐந்து மணிக்கு இருட்டிவிடும். குளிரைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள், வெளிச்சத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. வயதான பெற்றோரையும் அழைத்துப் போனால், ஊர் சுற்ற உண்மையில் கிடைப்பது ஆறேழு மணி நேரம்தான்.

பக்கத்து நாடுகளுக்கு வேறு கணக்கு. நமக்கு டிசம்பர் கடைசி என்றால் மழை ஓய்ந்து இதமாக இருக்கும் காலம். சிங்கப்பூரில் அப்போதுதான் நல்ல மழை. பாலியிலும் மழைக்காலமே. மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளான ரெடாங், பெர்ஹெந்தியானில் பெரும்பாலான விடுதிகளே மூடிக் கிடக்கும். மேற்கே லங்காவியும் தாய்லாந்தின் புக்கெட்டும் நன்றாக இருக்கும். அதனாலேயே விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும்.

விலை என்றதும் பலர் டிக்கெட்டை மட்டும் ஒப்பிடுகிறார்கள். கடற்கரை ரிசார்ட்டுகள் பலவற்றில் 24, 31 ஆகிய இரண்டு இரவுகளுக்கும் ‘காலா டின்னர்’ எனும் பண்டிகை விருந்துக்கென்று தலைக்கு ஒரு தொகையைக் கட்டாயமாக வாங்குவார்கள். சைவம் மட்டும் சாப்பிடும் குடும்பமாக இருந்தாலும் அதைக் கட்டியாக வேண்டும். அறை வாடகையைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, சிறு எழுத்தில் இருக்கும் இதைக் கவனிக்காமல் விடுவது ரொம்ப சாதாரணம். டூர் பேக்கேஜ் விற்பவர் நம்மிடம் முன்கூட்டியே பிடிக்கும் டிசிஎஸ் வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வருமான வரிக் கணக்கு காட்டும்போது அதை ஈடு செய்யலாம், ஆனால் இப்போதைக்குக் கையிலிருந்து போகும் பணம் அது. கடன் வாங்கியாவது இந்த வாரமே போக வேண்டும் என்று வாங்கி, அடுத்த டிசம்பர் வரை இஎம்ஐ கட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை ஆகும். அதற்கும் முன்னால் விண்ணப்பத்தை நேரில் கொடுக்க அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வேண்டும். தீபாவளி முடியட்டும் என்று காத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேயே கதை முடிந்துவிடுகிறது. விசா கைக்கு வரும் முன் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்காதீர்கள். இன்னொன்று, குழந்தையின் பாஸ்போர்ட். பெரியவர்களுடையது பத்து வருஷம் செல்லும், சிறு பிள்ளைகளுடையது ஐந்தே வருஷம். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்தெல்லாம் ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும் என்கின்றன. டிசம்பரில் இதைக் கண்டுபிடித்து, சாலிகிராமம் பாஸ்போர்ட் சேவை மையத்துக்குத் தட்கலில் ஓடுவதை விட இன்றைக்கே பீரோவைத் திறந்து பார்த்துவிடலாம்.

நம் ஊர் வானத்தையும் மறக்கக் கூடாது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். 2015 வெள்ளத்தின்போது பல நாள் மூடிக் கிடந்தது. டிசம்பர் கடைசியில் டெல்லியில் மூடுபனி வேறு. மலிவாகக் கிடைக்கிறது என்று டெல்லி வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து வெளிநாட்டுக்குத் தனி டிக்கெட் என்று போட்டால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அந்தப் பணம் பெரும்பாலும் போனதுதான். இரண்டு விமானமும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவில் இருந்தால் மாற்று விமானம் தருவது விமான நிறுவனத்தின் பொறுப்பு.

அமெரிக்காவிலிருந்து தம்பி குடும்பம் வருவதும் இதே வாரமாக இருக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் சென்னைக்கு வரும் மாதம் இது. சபாக்களில் கச்சேரியும் கேன்டீனும் களைகட்டியிருக்கும். முன்பணம் கட்டும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தேதி பிடிவாதம் இல்லாவிட்டால் பொங்கல் லீவைப் பாருங்கள். இரண்டு நாள் கூடுதல் விடுப்பு போட்டால் புக்கெட்டுக்கும் லங்காவிக்கும் தாராளமாகப் போதும். காலா டின்னர் தொல்லை இருக்காது, கிறிஸ்துமஸ் வார விலையும் பெரும்பாலும் இறங்கியிருக்கும். ஐரோப்பா ஆசை விடவில்லை என்றால் மே மாதம் போகலாம். பாரிஸில் மே கடைசியில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். அதற்கான விசா விண்ணப்பத்தை ஜனவரியிலேயே போட்டுவிடலாம்.