பழைய பட்டன் பேட்ஜ்: படத்தைப் பார்த்து ஏமாறாமல் இருக்க

சட்டையில் குத்திக்கொள்ளும் வட்டமான பழைய பட்டன் பேட்ஜ் வாங்கும்போது எல்லோருடைய கண்ணும் முதலில் படத்துக்குத்தான் போகும். நகல் எடுப்பவருக்கும் இது தெரியும். அதனால் அவர் உழைப்பெல்லாம் படத்தில்தான் இருக்கும். ஓரத்தையும் பின்பக்கத்தையும் ஒப்புக்குச் செய்திருப்பார். எனவே பேட்ஜ் கைக்கு வந்ததும் முதலில் கவிழ்த்துப் பாருங்கள், பிறகு ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள், கடைசியாகப் படத்துக்கு வாருங்கள். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பலவும் இந்த வரிசையை மாற்றிச் செய்வதால் வருபவை.

செல்லுலாய்டா, லித்தோவா என்று பார்க்காமல் விடுவது

ஊசி வைத்த பட்டன் பேட்ஜ் இரண்டு வகைக் கட்டுமானத்தில் வந்தது. முதல் வகை செல்லுலாய்டு. அச்சடித்த தாள், அதன் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய செல்லுலாய்டு படலம், அடியில் குவிந்த தகரத் தகடு. இந்த மூன்றின் ஓரத்தையும் உள்ளே மடித்து, பின்னாலிருந்து ஓர் உலோக வளையம் இறுக்கிப் பிடிக்கும். வளையத்துக்குள் ஒரு கம்பி ஊசி வளைந்து உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் நியூவார்க்கில் இருந்த வைட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனம் இதற்கான காப்புரிமைகளைக் கையில் வைத்துக்கொண்டு, 1896-ல் மெக்கின்லியும் பிரையனும் மோதிய அதிபர் தேர்தலில் நாடு முழுக்க இதைப் பரப்பியது.

இரண்டாவது வகை லித்தோ. இதில் தாளும் கிடையாது, படலமும் கிடையாது. பெரிய தகரத் தாளில் நேரடியாக வரிசை வரிசையாக அச்சடித்து, வட்டமாக வெட்டி, ஓரத்தை மடித்துவிடுவார்கள். செலவு குறைவு. ஆனால் பெரிய அளவில் புழக்கத்துக்கு வந்தது 1920 தேர்தலை ஒட்டித்தான்.

இதிலிருந்து ஒரு நேரடியான சோதனை கிடைக்கிறது. 1896, 1900, 1904 தேர்தல் பேட்ஜ் ஒன்று லித்தோவாக இருந்தால் அது பிற்கால நகல். பெரும்பாலும் 1968-ல் க்ளீனெக்ஸ், 1972-ல் அமெரிக்கன் ஆயில் போன்ற நிறுவனங்கள் விளம்பரத்துக்காக வெளியிட்ட தொகுப்புகளிலிருந்து உதிர்ந்ததாக இருக்கும். அமெரிக்கன் ஆயில் தொகுப்பின் மடிப்போரத்தில் ‘ஏ-ஓ-1972’ என்று பொடி எழுத்தில் இருக்கும். அதைச் சுரண்டியோ பெயின்ட் பூசியோ மறைத்து விற்பதும் நடக்கிறது. மடிப்பில் மற்ற இடமெல்லாம் சீராக இருந்து, ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு மட்டும் தேய்ந்திருந்தால் அந்தப் பேட்ஜை அங்கேயே வைத்துவிடலாம்.

கட்டுமானத்தைக் கண்டுபிடிக்க பேட்ஜைப் பிரிக்க வேண்டியதில்லை. ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். செல்லுலாய்டு என்றால் படலம் வளைந்து வளையத்துக்குள் நுழையும் கோடு தெரியும். லித்தோவில் கீறல் விழுந்த இடத்தில் பளிச்சென்று தகரம் தெரியும். செல்லுலாய்டில் கீறல் படலத்தோடு நின்றுவிடும். ஒன்றை மறக்க வேண்டாம்: லித்தோ என்பது போலிக்கு அடையாளம் ஆகலாமே தவிர, செல்லுலாய்டு என்பது அசலுக்கு அடையாளம் ஆகாது. படலம் போட்ட நகல்களும் ஏராளம்.

பின்பக்கத் தாளில் உள்ள ஆண்டை நம்புவது

வைட்ஹெட் அண்ட் ஹோக் பேட்ஜின் குழிவான பின்பக்கத்தில் வட்டத் தாள் ஒன்று செருகியிருக்கும். அதில் 1894, 1896 எனக் காப்புரிமைத் தேதிகள் அச்சாகியிருக்கும். இதைப் பார்த்து ‘1896-ல் செய்தது’ என்று எழுதி விற்பவர்கள் உண்டு, நம்பி வாங்குபவர்களும் உண்டு. அந்தத் தேதி காப்புரிமை கிடைத்த நாள், அவ்வளவுதான். அதே தேதிகளை அந்த நிறுவனம் பல ஆண்டுகள் தொடர்ந்து அச்சடித்தது. எந்த ஆண்டு என்பதை முன்பக்கத்தில் இருக்கும் ஆளோ நிகழ்ச்சியோ பொருளோதான் சொல்ல வேண்டும்.

அந்தத் தாள் ஒட்டப்பட்டதல்ல, செருகப்பட்டது. ஆகவே வேறொரு பேட்ஜிலிருந்து எடுத்து இதில் வைத்துவிடலாம். தாளின் விளிம்பு வளையத்தின் அடியில் இயல்பாக அமர்ந்திருக்கிறதா, ஊசிக் கம்பி பட்ட இடத்தில் துருக்கோடு தாளில் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பத்து இருபது ஆண்டுகள் ஒரே இடத்தில் இருந்த கம்பி தடம் பதிக்காமல் இருப்பது அபூர்வம். 1896-ஐ ஒட்டி ஹை அட்மிரல் சிகரெட்டோடு வந்த, எல்லோ கிட் என்ற சித்திரக்கதைப் பாத்திரத்தின் பேட்ஜ்கள் போன்றவற்றில் இந்தத் தாளே பொருளின் ஒரு பகுதி. அது போய்விட்டால் மதிப்பும் இறங்கும். அழுக்காக இருக்கிறது என்று பிடுங்கிப் போடாதீர்கள்.

அச்சை வெறுங்கண்ணால் பார்ப்பது

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். பழைய வண்ணப் பேட்ஜ்களில் ஒவ்வொரு நிறமும் தனி மையாக அச்சாகியிருக்கும். எழுத்தின் ஓரம் கத்தி போல இருக்கும், தங்க நிறம் உண்மையிலேயே மின்னும். அசலைப் படமெடுத்து மறுபடி அச்சிட்ட நகலில் எழுத்துக்குள்ளேயே நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூப்போலக் கூடி நிற்கும். சின்ன எழுத்துகளின் உள்ளே இருக்கும் வெற்றிடம் அடைந்து போயிருக்கும். இதில் ஒரு பொறி உண்டு. புகைப்படத்தைப் புள்ளியாக அச்சிடும் முறை 1890-களிலேயே வந்துவிட்டது. ஆகவே கறுப்பு வெள்ளை முகத்தில் புள்ளி தெரிந்தால் பதற வேண்டாம். எழுத்திலும் ஒரே நிறமாக நிரம்ப வேண்டிய பரப்பிலும் நான்கு நிறப் புள்ளி தெரிந்தால்தான் சந்தேகம்.

அடுத்தது புற ஊதா விளக்கு. 1950-ஐ ஒட்டிய காலத்திலிருந்துதான் தாளில் வெண்மையூட்டும் ரசாயனங்கள் பரவலாகச் சேர்ந்தன. 1908 பேட்ஜ் என்று சொல்லப்படும் ஒன்றின் தாள் இருட்டில் நீலம் கலந்த வெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் கதை முடிந்தது. ஒளிராவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை. இன்றும் வெண்மையூட்டாத தாள் கிடைக்கத்தான் செய்கிறது.

துருவைப் பழமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது

உப்புத் தண்ணீரில் நனைத்து வெயிலில் வைத்தால் ஒரு வாரத்தில் துரு வந்துவிடும். செயற்கைத் துரு சமமாகப் பரவியிருக்கும். இயல்பான துரு மடிப்பின் இடுக்கிலும் ஊசியின் வளைவிலும் தொடங்கும்.

அமெரிக்காவில் 1973-ல் வந்த சட்டத்தின்படி அரசியல் பேட்ஜ் நகல்களில் தயாரித்த ஆண்டைத் தெளிவாகவும் அழியாமலும் பொறிக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு, ‘ஆண்டு பொறிக்கவில்லை, அதனால் அசல்’ என்று வாதிடுவது பெரிய தவறு. அந்தச் சட்டத்துக்கு முந்தைய 1968, 1972 நகல்களே இன்று சந்தையில் நிறைய சுற்றுகின்றன. அந்தக் காலத்தில் இல்லவே இல்லாத வடிவமைப்பைப் புதிதாகக் கற்பனை செய்து விற்பதும் உண்டு. அதற்கு ஒப்பிட அசல் என்று ஒன்று இருக்காது. அபூர்வம் என்று நினைத்து அதிகம் கொடுத்துவிடுவோம். 1920-ல் அதிபர் வேட்பாளர் ஜேம்ஸ் காக்ஸும் துணை அதிபர் வேட்பாளர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் சேர்ந்து இருக்கும் இரட்டை முகப் பேட்ஜ் உண்மையிலேயே அரிது; அதனாலேயே அந்த இருவரையும் போட்டு எது வந்தாலும் முதலில் சந்தேகப்படுங்கள்.

விசித்திர வடிவங்களைச் சாதாரண பேட்ஜ் போலக் கையாள்வது

1896-ல் நாணயத்துக்கு ஆதாரம் தங்கம் மட்டுமா, வெள்ளியும் சேர்ந்ததா என்பதே அமெரிக்கத் தேர்தலின் சண்டை. அதையொட்டித் தங்க வண்டு, வெள்ளி வண்டு வடிவில் சட்டை ஊசிகள் வந்தன. சிலவற்றில் விசையை அழுத்தினால் இறக்கை விரிந்து, உள்ளே வேட்பாளர்களின் படம் தெரியும். வாங்கியவர்கள் செய்யும் முதல் காரியம், வருபவர்களுக்கெல்லாம் அதை அழுத்திக் காட்டுவது. நூற்றாண்டைத் தாண்டிய ஸ்பிரிங் ஒருநாள் முறியும். விரித்த நிலையில் ஒரு படம், மூடிய நிலையில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, பொருளை மூடியே வையுங்கள்.

சாய்த்தால் படம் மாறும் ஃப்ளாஷர் வகை 1952-ல் அதிபர் வேட்பாளர் ஐசன்ஹோவருக்கான ‘ஐ லைக் ஐக்’ (ஐக் என்பது அவருடைய செல்லப்பெயர்) பேட்ஜோடு புகழ்பெற்றது; வேரி-வ்யூ என்ற பெயரில் வந்தது. அதன் முகம் நுண்ணிய வரிப்பள்ளங்கள் கொண்ட பிளாஸ்டிக். துணியால் வரிகளுக்குக் குறுக்கே தேய்த்தால் மேடுகள் மழுங்கி இரண்டு படமும் கலங்கிவிடும். வெப்பம் பட்டால் பிளாஸ்டிக் நெளியும். மென்மையான தூரிகையால் வரியின் திசையிலேயே தூசி தட்டினால் போதும்.

பட்டு ரிப்பன் தொங்கும் பேட்ஜ்களில் ரிப்பன் கிழிந்திருந்தாலும் அதைக் கழற்ற வேண்டாம். மடிக்கவும் வேண்டாம், பழைய பட்டு மடித்த இடத்திலேயே முறியும்.

கெல்லாக்ஸின் பெப் தானியப் பெட்டியில் 1940-களின் நடுவில் வந்த சித்திரக்கதைப் பேட்ஜ்களைச் சேர்ப்பவர்கள் கணக்கில் தவறுவார்கள். ஐந்து தொகுப்பு, ஒவ்வொன்றிலும் 18. ஆக 90 என்று தேடிக்கொண்டிருப்பார்கள். சூப்பர்மேன் ஐந்திலும் வருவதால் வெவ்வேறு பேட்ஜ் 86 மட்டுமே.

தண்ணீரும் காற்றுப் புகாத பையும்

செல்லுலாய்டு பேட்ஜை ஈரத்துணியால் துடைப்பதுதான் நல்ல பேட்ஜைக் கெடுக்கும் மிகச் சுருக்கமான வழி. ஓரத்து இடுக்கில் தண்ணீர் நுழைந்தால் வெளியே வராது. தகடு துருப்பிடித்து, துரு தாளில் ஏறி, படலத்தின் அடியில் பழுப்புத் திட்டாகப் பரவும். அதை எடுக்க வழியே இல்லை. நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன் இன்னும் மோசம், படலத்தையே கரைத்துவிடும். உலர்ந்த பருத்தித் துணி மட்டும் போதும், அதுவும் அழுத்தாமல்.

செல்லுலாய்டு என்பது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தது. எளிதில் தீப்பிடிக்கும். சிதையும்போது அமில வாயு விடும். அது வெளியேற வழியில்லாவிட்டால் சிதைவு இன்னும் வேகமாகும். அதனால் காற்றுப் புகாத பை கூடாது, பிவிசி உறையும் கூடாது. படலம் பிசுபிசுத்தாலோ, வலைபோல விரிசல் விட்டாலோ, காட்டமான நெடி வந்தாலோ அந்தப் பேட்ஜை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். பாலியெஸ்டர் பஞ்சு வைத்த கண்ணாடி மூடிப் பெட்டி நல்லது. கார்க் பலகையில் குத்தி, சன்னல் வெளிச்சத்தில் மாட்டுவது அழகாக இருக்கும், நிறம்தான் நிற்காது.

புதிதாகச் செய்பவர்களுக்கு

பழைய பாணியில் புதுப் பேட்ஜ் செய்யும்போது வரும் சிக்கல்கள் பெரும்பாலும் அளவுச் சிக்கல்கள். 2¼ அங்குல பேட்ஜின் முகம் 57 மி.மீ.; பரவலாகப் புழங்கும் ஓர் இயந்திரத்தில் அதற்கு வெட்ட வேண்டிய தாள் 66.7 மி.மீ. சந்தையில் 58 மி.மீ. என்று கிடைக்கும் இயந்திரங்கள் பலவற்றுக்கு 70 மி.மீ. தாள் தேவை. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துத் தகடோ வளையமோ மாற்றிப் போட்டால் மடிப்புப் பிடிக்காது, அல்லது இயந்திரத்தின் அழுத்தும் அச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். உதிரிகளை அந்தந்த இயந்திரத்துக்கு உரியதாகவே வாங்குங்கள்.

பின்னணி நிறத்தைத் தாளின் வெட்டு விளிம்பு வரை இழுங்கள். எழுத்தை முகத்தின் ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே நிறுத்துங்கள். விளிம்பை ஒட்டி மெல்லிய வட்டக்கோடு போடவே போடாதீர்கள். தாள் அரை மி.மீ. நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மறைந்துபோகும். 90 முதல் 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) தாள் போதும். தடித்த போட்டோ பேப்பரில் மடிப்புச் சுருங்கும் அல்லது வளையம் பாதியில் நிற்கும். தாளின் மேல் வைக்கும் மைலார் என்ற பிளாஸ்டிக் படலம் இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தாலும் இதே கதைதான். ஒவ்வொன்றாக விரலால் பிரித்து வையுங்கள். ஊசியின் திசையை முதல் பேட்ஜிலேயே சரிபாருங்கள், இல்லையென்றால் சட்டையில் குத்தியதும் படம் சாய்ந்து நிற்கும்.

மடிப்பில் விழும் பகுதியில், முகத்தில் தெரியாதபடி, செய்தவர் பெயரையும் ஆண்டையும் ஒரு மி.மீ. உயர எழுத்தில் போட்டுவிடுங்கள். பழைய வடிவமைப்பைத் தழுவியது என்றால் இது கட்டாயம்.