சிறுநீரக நோயில் வைட்டமின் டி: சர்க்கரையோடு முடிச்சுப் போடும் முன்

சிறுநீரகம் பழுதடைந்தவர்களின் ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவாகத் தெரிவது மிகச் சாதாரணம். கூடவே சர்க்கரையும் ஏறியிருந்தால், "டி மாத்திரை போடுங்க, இன்சுலின் தானா வேலை செய்யும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் கொஞ்சத்தை நம்பி மாத்திரை வாங்குபவர்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.

முதல் குழப்பம், எந்த டி என்பது. தோலில் உருவாகும் டியும் உணவில் கிடைக்கும் டியும் கல்லீரலில் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி ஆகின்றன. அதைச் சிறுநீரகம்தான் பெருமளவு கால்சிட்ரியால் என்ற செயல்படும் வடிவமாக மாற்றுகிறது. நோய் முற்ற முற்ற இந்தக் கடைசிப் படி தடைப்படும். பரிசோதனை அறிக்கையில் பார்க்க வேண்டியது 25-ஹைட்ராக்ஸி அளவை. உடலின் இருப்பைக் காட்டுவது அதுதான். பெயரில் 1,25 என்று இருந்தால் அது வேறு பரிசோதனை. அலகையும் பாருங்கள். ஒரு ஆய்வகம் மில்லிலிட்டருக்கு 18 நானோகிராம் என்று தரும். இன்னொன்று லிட்டருக்கு 45 நானோமோல் என்று தரும். இரண்டும் ஒரே அளவு, இரண்டுமே குறைவுதான். எண் கூடிவிட்டது என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

மாத்திரையிலும் இதே குழப்பம். கோலிகால்சிஃபெரால் சாதாரண டி. கால்சிட்ரியால், ஆல்ஃபாகால்சிடால் ஆகியவை சிறுநீரகத்தின் வேலையைத் தாண்டிச் செல்லும் மருந்துகள். இவை குடலிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் வேகமாக உள்ளே இழுக்கும். 'எல்லாம் டிதானே' என்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை விழுங்குவதும், வாரம் ஒருமுறை போட வேண்டிய பெரிய டோஸைத் தினமும் போடுவதும் உண்மையிலேயே ஆபத்து. தீராத தாகம், மலச்சிக்கல், குமட்டல், மந்தமான மனநிலை இருந்தால் கால்சியம் ஏறியிருக்கலாம். அது ஏறினால் மிச்சமிருக்கும் சிறுநீரகச் செயல்பாடும் அடிவாங்கும். டயாலிசிஸுக்கு வராதவர்களுக்குக் கால்சிட்ரியாலை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே சிறுநீரக நோய்க்கான சர்வதேச அமைப்பான கேடிகோவின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது.

சரி, சர்க்கரைக்கு வருவோம். சிறுநீரக நோயில் இன்சுலின் எதிர்ப்பு ஆரம்பக் கட்டத்திலேயே தலைகாட்டும், சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும்கூட. முக்கியமாகத் தசைகள்தான் இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கின்றன. ரத்தத்தில் அமிலம் கூடுவது, தேங்கும் கழிவுகள், அழற்சி, உடலசைவு குறைவது என்று காரணங்கள் பல. டி குறைபாடும் அவற்றில் ஒன்று. அதை மட்டும் சரிசெய்தால் மற்றவை அப்படியே இருக்கும். பொதுவாகவே, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 2,423 பேரில் ஒரு பாதியினருக்குத் தினமும் 4,000 யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. நோய் வருவது குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எலும்புக்கும், ரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் சீராக இருப்பதற்கும் டி தேவை. சர்க்கரை மருந்தாக அதை நம்பி நடைப்பயிற்சியையும் அமிலத்துக்கான சிகிச்சையையும் தள்ளிப்போடாதீர்கள்.

நேர்மாறான இன்னொரு தவறு இதைவிட அவசரமானது. டி எடுக்கத் தொடங்கிய பிறகு சர்க்கரை இறங்கினால் 'மருந்து வேலை செய்கிறது' என்று மகிழ்வார்கள். இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது தளர்ந்தால் போட்ட இன்சுலின் உடலில் அதிக நேரம் தங்கும். சர்க்கரை இறங்குவது சிறுநீரக நோய் முற்றுவதன் அடையாளமாக இருக்கலாம். ரத்தசோகையும் அதற்கான ஊசிகளும், சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டவும் கூடும். வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி வந்தால் அந்த நிமிடமே விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். குறைந்திருந்தால் உடனே குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, இன்சுலின் அளவை மாற்றுவது பற்றி அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். அப்போது 25-ஹைட்ராக்ஸி, கால்சியம், பாஸ்பேட், பாராதைராய்டு ஹார்மோன் ஆகிய நான்கின் அறிக்கைகளையும், வீட்டில் இருக்கும் எல்லா டி மாத்திரை அட்டைகளையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள்.