முதல் ராக் ஆல்பம்: சேலம் பத்திரிகைகளில் செய்தி வர

ஆல்பம் வெளியாக ஆறு வாரம் இருக்கும்போதே மாத இதழ்களுக்கு எழுதுங்கள்; அவர்கள் பக்கங்களை முன்கூட்டியே முடித்துவிடுவார்கள். தினத்தந்தி, தினமலர் சேலம் பதிப்புகளுக்கு நான்கு நாள் போதும். ஸ்பாட்டிஃபை இசைச் செயலியில் பாடல் பட்டியல்களைத் தொகுக்கும் எடிட்டர்களுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே பாடலை அனுப்பிவிட வேண்டும்.

செய்திக்குறிப்பு 200 சொல்லைத் தாண்டக் கூடாது. பாடகர் பெயர், ஊர், ஆல்பம், தேதி முதல் வரியிலேயே வரட்டும். 'புரட்சிகர இசை' என்ற வரியைத்தான் உதவி ஆசிரியர் முதலில் வெட்டுவார். செவ்வாய்ப்பேட்டையில் வளர்ந்தவர், பாடல்களைத் தானே எழுதியவர் என்பது நிற்கும். பிடிஎஃப் வேண்டாம்: நகலெடுக்கும்போது தமிழ் எழுத்துகள் சிதறும். யூனிகோடில் மெயிலுக்குள்ளேயே ஒட்டுங்கள்.

பெரும்பாலும் சறுக்குவது படத்தில்தான். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் எடுத்த படம் போனில் அழகு. செய்தித்தாளில் முகமே சாம்பலாகிவிடும். பனி விலகியபின் எடுங்கள். அச்சில் 4 அங்குல அகலத்துக்கு 1200 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கும்; டாக்குமென்டாக அனுப்புங்கள்.

செய்தியாளரை முற்பகலில் அழையுங்கள். மாலையில் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஏற்காடு கோடை விழா நாட்களில் வெளியிடாதீர்கள், மாவட்டப் பக்கத்தை மலர்க்கண்காட்சியே நிறைத்துவிடும்.