பழைய ஜீப் தேடுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

"1944 வில்லிஸ், ஒரிஜினல் கண்டிஷன், நேரில் வரவும்" என்று ஒரு விளம்பரம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முன் கிரில்லில் ஏழு இடைவெளி, பின்னால் இறக்கி ஏற்றும் கதவு, ஸ்டெப்னி பக்கவாட்டில். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்க வில்லிஸ் கம்பெனி செய்த ஜீப்பான வில்லிஸ் எம்.பி. அப்படி இருக்காது. அதன் கிரில்லில் ஒன்பது இடைவெளி, ஸ்டெப்னி பின்பக்கம், பின்கதவு என்ற ஒன்றே கிடையாது, ஸ்டியரிங் இடப்பக்கம். முகப்பு விளக்குகள் கிரில்லுக்குச் சற்று உள்ளே தள்ளி இருக்கும். கீலில் பொருத்தியிருப்பதால், ராத்திரியில் என்ஜினைப் பார்க்க அப்படியே பின்பக்கமாகத் திருப்பிக்கொள்ளலாம். (1941 கடைசியில் வந்த முதல் வண்டிகளுக்கு மட்டும் கிரில் வேறு, தட்டையான இரும்புப் பட்டைகளை வெல்டிங் செய்தது.) ஆக விளம்பரத்தில் இருந்தது 1945-லிருந்து வந்த சிவில் ஜீப், அல்லது அந்தச் சாயலில் சமீபத்தில் அடித்த பாடி. விற்கிறவர் பொய் சொல்கிறார் என்றுகூட இல்லை. அவருக்கு விற்றவர் அப்படிச் சொல்லியிருப்பார், அவ்வளவுதான்.

நான்கு சக்கரத்துக்கும் என்ஜின் விசை போகும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி தேடுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகிறது. பார்வை முழுக்க பெயின்ட்டிலும் டயரிலும் நின்றுவிடுகிறது. ஜீப்பில் மாற்றுவதற்கு ரொம்பச் சுலபமான விஷயமே அதன் உருவம்தான். பஞ்சாப் எல்லையை ஒட்டி ஹரியானாவில் இருக்கும் மண்டி டப்வாலி, ஜீப்பைப் புதிதாகக் கட்டித் தருவதற்கே பேர் போன ஊர். பாடி, பம்பர், சீட் எல்லாம் கேட்ட மாதிரி கிடைக்கும், வேலையும் சில சமயம் நன்றாகவே இருக்கும். அது வேறு பொழுதுபோக்கு. அங்கே கட்டிய வண்டிக்கு 1944 என்று நினைத்துப் பணம் கொடுப்பதுதான் தவறு.

அதனால் முதலில் வண்டிக்கு அடியில் படுங்கள். சட்டை அழுக்காகும், பரவாயில்லை. முன் பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்குக் கீழே, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் குறுக்குக் கம்பி தெரியும். அது உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ் எம்.பி., பெட்டி வடிவமாக இருந்தால் அதே போரில் ஃபோர்டு தயாரித்த ஜி.பி.டபிள்யூ. ஃபோர்டுக்காரர்கள் போல்ட் தலைகளில்கூட 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்து வைத்தார்கள். இரண்டு கம்பெனியும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்தன என்பதால் போர்க்கால ஜீப் உலகத்தில் அபூர்வம் ஒன்றும் இல்லை, ஆனால் நம் பக்கத்தில் 80 வருஷம் ஓடி, எத்தனையோ பட்டறை பார்த்து, இன்னும் தன் சேசிஸிலேயே நிற்கும் வண்டி அபூர்வம்தான்.

நம்மூரில் கண்ணில் படுபவை பெரும்பாலும் மகிந்திரா வழி வந்தவை. 1940களின் இறுதியிலேயே வில்லிஸ் ஜீப்பை இங்கே பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம் வந்தது சி.ஜே. 3பி, பானெட் தூக்கலாக இருக்கும் அந்த ஜீப். ஏன் அவ்வளவு தூக்கல் என்றால், அதில் போட்ட ஹரிக்கேன் என்ஜினில் உள்ளிழுக்கும் வால்வு மேலே, என்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டில் போய்விட்டது, என்ஜின் உயரமாகிவிட்டது, பானெட்டை உயர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை. அமெரிக்காவில் அந்த மாடல் 1968-லேயே நின்றுவிட்டது, இங்கே அதற்குப் பிறகும் வெகுகாலம் ஓடியது. 3பி-யை "வில்லிஸ்தான், கொஞ்சம் அசிங்கமான வில்லிஸ்" என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்தியாவில் ஜீப் பிடிக்கும் என்கிறவர் முதலில் நேசிக்க வேண்டிய வண்டியே அதுதான்.

அடுத்த பெரிய தவறு, பேப்பர். "ஆர்.சி. இருக்கு சார்" என்றதும் மனசு இளகிவிடுகிறது. ஆர்.சி. இருப்பது முக்கியமில்லை, அது இந்த வண்டியின் ஆர்.சி.யா என்பதுதான் கேள்வி. சேசிஸ் எண்ணைத் துடைத்து, வெளிச்சம் அடித்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தைச் சுற்றி வெல்டிங் தடமோ புதுப் பெயின்ட்டோ இருந்தால் கிளம்பிவிடுங்கள். பெட்ரோல் என்று பதிவான வண்டியில் டீசல் என்ஜின் உட்கார்ந்திருந்தால், அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, அதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. எஃப்.சி.க்குப் போய் நிற்கும் அன்றைக்கு "வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்ற பதில் செல்லாது.

அரசு ஏலத்தில் மலிவாகக் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. முன்பு அதில் உண்மை இருந்தது. 2023 ஏப்ரலிலிருந்து 15 வருஷம் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவே போய்விடும் என்று விதி வந்துவிட்டது, ராணுவ, காவல் பணிக்கான சில சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு. அதனால் ஏல நோட்டீஸில் உடைப்புக்கு மட்டும் என்று இருக்கிறதா என்று கடைசி வரி வரை படியுங்கள். இல்லாவிட்டால் சாலையில் ஓட்ட முடியாத ஜீப் ஒன்று உங்கள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும்.

50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் தனி விண்டேஜ் பதிவு வந்தது, நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும் என்று அந்த விதி வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது என்று அவசரப்படாதீர்கள். வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், அதோடு ரேலி, கண்காட்சி, பெட்ரோல் போட, பராமரிப்பு இவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போகிற ஆசை இருந்தால் சாதாரணப் பதிவையே உயிரோடு வைத்திருங்கள்.

சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிறது: ஃபோர் வீல் டிரைவ் என்று நினைத்து டூ வீல் டிரைவ் வாங்கி வருவது. கமாண்டர், மேஜர் போன்ற மகிந்திராக்கள் இரண்டு விதத்திலும் வந்தன, வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கியர் லீவர் பக்கத்தில் ஃபோர் வீல் போடும் குட்டி லீவர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். மைலேஜுக்காக, முன் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் ஷாஃப்டைக் கழற்றி எங்கோ போட்டுவிட்டு, லீவரை மட்டும் அலங்காரத்துக்கு விட்டுவைத்த வண்டிகள் உண்டு. முன் அச்சில் டிஃபரென்ஷியல் குண்டு (வளைவில் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி) இருக்கிறதா, அதற்கு ஷாஃப்ட் போகிறதா, சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸும் ஆயிலும் கலந்து வழிகிறதா என்று பாருங்கள். லேசான கசிவு இந்த வண்டிகளுக்குச் சகஜம். சொட்டச் சொட்ட ஒழுகினால் சீல் வேலை இருக்கிறது, விலையில் குறைத்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டில் ஒரு காந்தம் வைத்துக்கொள்வது நல்லது, பெயின்ட் கீறாமல் இருக்க மெல்லிய துணியில் சுற்றி. ஜீப்பின் பாடியில் வைத்து மெல்ல நகர்த்துங்கள். சக்கர வளைவுக்கு மேலும், தரைத் தகடு பக்கத் தகட்டோடு சேரும் மூலையிலும் காந்தம் திடீரென்று பிடியை விட்டால், அங்கே இரும்பு போய், மேலே பூசி மெழுகிய பட்டிதான் மிச்சம். லேண்ட் ரோவரிடம் இந்தக் கணக்கு தலைகீழ். 1948-ல் முதல் லேண்ட் ரோவர் வந்தபோது பிரிட்டனில் இரும்புக்குத் தட்டுப்பாடு, அதனால் பாடித் தகடுகள் பெரும்பாலும் அலுமினியக் கலவை. காந்தம் ஒட்டாது, ஒட்டவும் கூடாது. பாடி துருப்பிடிக்காமல் பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் இதனால்தான் அதிகம்: உள்ளே சேசிஸும், என்ஜினுக்கும் டிரைவருக்கும் நடுவில் இருக்கும் தடுப்புச் சுவரும் இரும்பு, சத்தமில்லாமல் அரித்துப்போவது அவைதான். சின்ன சுத்தியலால் சேசிஸைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும்.

வாங்கியாகிவிட்டது, சரி. முதல் நாளே தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டிக் காட்டுவது அடுத்த தவறு. இந்தப் பழைய வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் கூடுதல் தூரம் போக வேண்டும், பின்சக்கரங்கள் விடாது. மண்ணிலோ சேற்றிலோ டயர் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் வழுக்க இடமில்லாமல் அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் பல்சக்கரங்களிலும் ஏறும், ஸ்டியரிங் கல்லாகும், லீவரை இழுத்தாலும் வராது. அப்படி மாட்டிக்கொண்டால் பலம் காட்டாமல் நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு விட்டதும் லீவர் தானாக இளகும். பழைய மூன்று கியர் பெட்டியில் முதல் கியருக்கு, பல் உரசாமல் கியர் விழ உதவும் சிங்க்ரோ இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்; வண்டி நின்ற பிறகு போடுங்கள், அல்லது இரண்டு முறை கிளட்ச் மிதிக்கப் பழகுங்கள். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், ஒரே ஆயில் லைன், எங்கே கசிந்தாலும் பிரேக் மொத்தமும் போகும். அதில் கை வைக்காமல் பெரிய டயர் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே கோபம் வரும். இந்த ஜீப்புக்கு 16 அங்குல ரிம்மில் ஒல்லி டயர் போட்டது பஞ்சத்தினால் அல்ல, ஸ்டியரிங்கும் அச்சும் தாங்குவது அவ்வளவுதான்.

ரெஸ்டோர் செய்கிறேன் என்று ஒரே வாரத்தில் முழு வண்டியையும் பிரித்துப் போடுவதும் நிறைய ஜீப்புகளைக் கொன்றிருக்கிறது. ஆறு மாதத்தில் ஆர்வம் வடியும், மெக்கானிக் வேறு வேலைக்குப் போவார், எந்த போல்ட் எதற்கு என்று யாருக்கும் தெரியாது, கடைசியில் வண்டி மூன்று சாக்கு மூட்டையாக விலைக்கு வரும். ஓட விடுங்கள் முதலில். பிரேக், ஸ்டியரிங், வயரிங் என்று ஒவ்வொன்றாக முடியுங்கள், பெயின்ட் கடைசியில். கழற்றிய பழசை எடைக்குப் போடவே போடாதீர்கள். அந்த 'எஃப்' போட்ட போல்ட்டெல்லாம் அப்படித்தான் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. கதவோரம் மங்கிப்போன எஸ்டேட் பெயரோ, பழைய ராணுவ எண்ணோ தெரிந்தால் பெயின்ட்டரைக் கொஞ்சம் நிறுத்துங்கள். ஒருமுறை சுரண்டிவிட்டால் யாராலும் திருப்பித் தர முடியாது.

ராணுவ ஜோங்காவும் மாருதி ஜிப்ஸியும் தனிக் கதை. ஒரு வார்த்தை மட்டும்: ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் நிசான் பேட்ரோலை வைத்துச் செய்த ஜோங்காவின் என்ஜின் ஏறத்தாழ 4 லிட்டர் பெட்ரோல், ஆசைப்படும் முன் பெட்ரோல் விலையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 1985-ல் வந்த ஜிப்ஸி, முதல்முறை வாங்குகிறவருக்கு இதையெல்லாம்விடப் புத்திசாலித்தனமான தேர்வு.

அப்புறம், ரசிக்க வேண்டுமென்றால் சொந்தமாக இருந்தே ஆக வேண்டும் என்று நினைப்பதும் தவறுதான். மேற்கு வங்கத்தில் மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரத்து சந்தக்பூவுக்கு 1950களின் லேண்ட் ரோவர்கள் வாடகை வண்டியாகவே ஏறிக்கொண்டிருந்தன, இப்போது எண்ணிக்கை குறைந்துவிட்டது, போகிறவர்கள் சீக்கிரம் போங்கள். இங்கே தேனி பக்கம் போடியிலும் கம்பத்திலும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசினால், எந்த வீடியோவிலும் கிடைக்காத விவரம் கிடைக்கும். எஸ்டேட் ஷெட்டிலோ பழைய ரைஸ் மில்லிலோ தார்ப்பாய்க்குள் ஒரு வண்டி தெரிந்தால் எடுத்த எடுப்பிலேயே "சும்மாதானே கிடக்குது, எவ்வளவுக்குக் கொடுப்பீங்க?" என்று கேட்டுவிடாதீர்கள். அது அந்த வீட்டு அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டியாக இருக்கும். யார் ஓட்டினார்கள், எந்த மலைக்குப் போனது, எந்த வருஷம் நின்றது என்று கேளுங்கள். விற்கிற யோசனை இருந்தால் விலைப் பேச்சை அவர்களே எடுப்பார்கள், எடுக்காவிட்டாலும் அடியில் படுத்து குறுக்குக் கம்பி உருண்டையா பெட்டியா என்று பார்க்க அனுமதி கிடைக்காமல் போகாது.