நித்திரைக்கு நீலாம்பரி, எழும்பப் பூபாளம்

கொழும்பு வெள்ளவத்தையில் வீணை சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாமார் வகுப்பு முடியும்வரை காத்திருந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டீச்சர், நித்திரை வர என்ன போட்டுக் கேட்கலாம்?"

நீலாம்பரி கேளுங்கள். தாலாட்டுக்கென்றே பழகிப்போன ராகம். வீணையிலோ புல்லாங்குழலிலோ ஆலாபனை, அதாவது ராகத்தை மெல்ல விரித்து வாசிக்கும் பகுதி, மட்டும் போதும். அதில் தாளக்கட்டு இல்லை, சொல்லும் இல்லை. ஸ்வரங்கள் இழைந்து இழைந்து வர, மூச்சும் கூடவே தணியும். நீண்ட கச்சேரிப் பதிவென்றால், ஆலாபனைக்கு அடுத்து வேகமெடுக்கும் 'தானம்' என்ற பகுதி தொடங்குமுன் வெட்டிவிடுங்கள். தானத்தில் விழும் மீட்டுகளின் வேகம் கண்ணைத் திறக்க வைத்துவிடும். மிருதங்கம் வேண்டவே வேண்டாம். கர்நாடக சங்கீதம் பழக்கமில்லையா? சரி, நிமிடத்துக்கு 60 முதல் 80 தாள அடிக்குள் போகும் எந்த மெல்லிசையும் நல்லதுதான்.

பிடித்த சினிமாப் பாட்டையே வாத்தியத்தில் கேட்கலாமே என்பார்கள். வேண்டாம். சொல் இல்லாத இடத்தை மனம் தானே நிரப்பப் பார்க்கும், பல்லவி தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வொன்று 2021இல் இதைத்தான் காட்டியது: பிரபலமான பாட்டுகளின் வாத்திய வடிவம்தான் கூடுதலாகத் தலைக்குள் சுற்றியது, அப்படிச் சுற்றியவர்களுக்கு நித்திரை கெட்டது.

சத்தம் ஃபேன் சத்தத்தை மிஞ்சக் கூடாது. மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்கள் ரயிலை மறைக்க என்று கூட்டி வைப்பார்கள். ரயில் போய்விடும், கூட்டிய சத்தம் நிற்கும். முக்கால் மணித்தியாலத்தில் தானாக நிற்கும்படி டைமர் வையுங்கள். யூடியூபில் நேரே போட்டால் நடுவில் விளம்பரம் தூக்கிவாரிப் போடும். ஃபோனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் பலன் தேடாதீர்கள். 2008இல் வெளியான ஹங்கேரி ஆய்வில் மாணவர்கள் மூன்று கிழமை, தினமும் 45 நிமிடம் கேட்டார்கள்.

அப்புறம் காலை. முதலில் அந்த 'பீப் பீப்' அலாரத்தை எடுத்துவிடுங்கள். மெட்டுள்ள அலாரம் வைப்பவர்களுக்கு எழும்பியபின் மந்தம் குறைவு என்று ஆஸ்திரேலியாவின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் எழுதினார்கள். எங்கள் ஒழுங்கைக்குள் பாண் விற்கும் 'சூன் பாண்' ஓட்டோ பேத்தோவனின் 'ஃபியூர் எலீஸ்' மெட்டோடு நுழையும்போது, சிணுங்காமல் எழும்பும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நான் சொல்வது பூபாளம், விடியலுக்கான ராகம். மத்திமகாலக் கிருதியாக, அதாவது நடுத்தர வேகத்தில் போகும் பாட்டாக எடுங்கள், இங்கே மிருதங்கம் இருக்கட்டும். சத்தம் மெல்லத் தொடங்கிக் கூடட்டும். இரவு கேட்ட பதிவைக் காலையில் வைக்க வேண்டாம். உயிராய் நேசிக்கும் பாட்டையும் வைக்காதீர்கள், சில நாளில் வெறுத்துப்போகும்.

பரீட்சை நாளிலும், கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு விடியப் புறப்படும் நாளிலும் பூபாளத்தை மட்டும் நம்பாதீர்கள். ஐந்து நிமிடம் பிந்தி அடிக்கும்படி, அறையின் மறுகோடியில் சாதாரண மணி ஒன்றும் வையுங்கள்.