சொகுசுக் கப்பலில் பதின்வயதுப் பிள்ளைகளும் மதுவும்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கப்பல் துறைமுகத்தைத் தாண்டியதும் பெற்றோரின் பிடி தளர்ந்துவிடுகிறது. சுற்றிலும் கடல், பிள்ளை எங்கே போய்விடப் போகிறான் என்ற நினைப்பு. பெரிய கப்பலில் பயணிகள் மட்டுமே ஐயாயிரம் பேருக்கு மேல் இருப்பார்கள், பார்கள் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். அத்தனை அந்நியர்கள் உள்ள நகரம் ஒன்றில் பதினாறு வயது மகளை இரவு இரண்டு மணிக்குத் தனியே விடுவோமா?

'பாரில் கப்பல் தரும் பயணி கார்டைத் தேய்த்தாலே வயது தெரிந்துவிடும், கொடுக்க மாட்டார்கள்' என்று பலர் நம்புகிறார்கள். பிள்ளைகளின் கைக்கு மது பெரும்பாலும் பார் வழியாக வருவதில்லை. வயது வந்த அண்ணன் வாங்கித் தருவான், அல்லது அன்று மாலைதான் பழகிய யாரோ ஒருவர் தருவார். சில சமயம் அது பெற்றோரின் கேபினிலேயே இருக்கும். முன்கூட்டியே மொத்தமாகப் பணம் கட்டி வாங்கும் மது பேக்கேஜும் ஒரு வழிதான். கார்னிவல் என்ற கப்பல் நிறுவனத்தின் பேக்கேஜில் ஒரு நாளைக்கு 15 மதுபானங்கள் வரை வாங்கலாம். அதில் இரண்டு மகனுக்குப் போனால் கணக்கில் தெரியவே தெரியாது. நம் கண்ணெதிரே ஒரு கிளாஸ் குடித்தால் என்ன என்று பெற்றோரே தருவதும் உண்டு. பெரும்பாலான கப்பல்களில் அது விதியை மீறுவது. அகப்பட்டால் குடும்பத்தையே அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடும் உரிமை கப்பலுக்கு உண்டு.

பதின்வயதினர் கூடிப் பொழுதுபோக்கக் கப்பலில் இருக்கும் டீன் கிளப் விஷயத்திலும் ஏமாந்து போகிறோம். சின்னக் குழந்தைகளைப் பெற்றோர்தான் வந்து கூட்டிச் செல்ல வேண்டும். பதின்வயதினரோ பல கப்பல்களில் தாங்களாகவே வரலாம், போகலாம். பணியாளர்கள் அங்கே நிகழ்ச்சி நடத்துபவர்கள். வெளியே போன பிள்ளையைத் தேடுவது அவர்கள் வேலை இல்லை.

18 முதல் 20 வயதுவரை உள்ளவர்களை யாருமே கவனிப்பதில்லை. டீன் கிளப் 17 வயதோடு முடிகிறது. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் ராயல் கரீபியன், கார்னிவல் கப்பல்களில் மதுவுக்கு வயது 21. ஆனால் அதே கப்பல் நிற்கும் பஹாமாஸிலும் மெக்சிகோவிலும் 18 போதும். பகல் முழுக்க வெயிலில் கரையில் குடித்துவிட்டு, மாலையில் யாரும் பார்க்காமல் கேபினுக்குள் போய்ப் படுத்துவிடுவார்கள்.

அப்படிப் படுத்தவரை 'தூங்கட்டும், தெளிந்துவிடும்' என்று தனியே விடுவதுதான் உயிரையே பறிக்கக்கூடிய தவறு. கடைசிக் கிளாஸுக்குப் பிறகும் ரத்தத்தில் மதுவின் அளவு ஏறிக்கொண்டே போகலாம். காபி, குளிர்ந்த நீர்க் குளியல் எதுவும் அதை இறக்காது. எழுப்பியும் எழாவிட்டால், இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து விநாடி இடைவெளி விழுந்தால், உதடு நீலம் பாரித்தால், ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே கப்பலின் அவசர எண்ணை அழைக்க வேண்டும். கூட இருக்கும் நண்பர்கள் அழைக்கத் தயங்குவது பெரும்பாலும் நம் கோபத்துக்குப் பயந்துதான். அதனால் பயணத்தின் முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: 'நீ குடித்திருந்தாலும், உன் சிநேகிதி குடித்திருந்தாலும் எந்த நேரத்திலும் கூப்பிடு, அன்றிரவு திட்ட மாட்டேன்.' சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும்.

பால்கனிக் கம்பியை நம்பாதீர்கள். அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு கப்பல் பாதுகாப்புச் சட்டம் கம்பியின் உயரத்தைக் குறைந்தது 42 அங்குலம் என்று வைத்திருக்கிறது. நிற்பவருக்கு அது போதும், ஏறுபவருக்குப் போதாது. குடித்துவிட்டு அதன்மேல் உட்காரும் பிள்ளைகள் உண்டு.

சொல்லவே கூசும் இன்னொன்று: போதையில் இருக்கும் பெண்ணோ பையனோ பாலியல் வன்முறைக்கு ஆளாவது. அந்த நேரத்தில் குடும்பங்கள் செய்யும் தவறு, 'ஏன் குடித்தாய்' என்ற கேள்வியில் தொடங்குவது. அடுத்தது, குளிக்க வைத்து உடையைத் துவைத்துவிடுவது; அதில் தடயங்கள் அழிந்துவிடும். அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றி இறக்கும் பெரிய கப்பல்களில், பாலியல் வன்முறைக்கு ஆளானவரைப் பரிசோதிக்கப் பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யோடு பேச இலவசமாகத் தொலைபேசி கேட்கவும் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு. கப்பல் காவலர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாமல் நீங்களே பேசுங்கள். கேபினைத் துப்புரவு செய்ய விடாதீர்கள். சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி அன்றே எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.