கோலாலம்பூரிலிருந்து வேல்ஸ் காற்பந்தைப் பின்தொடர்வது எப்படி

மலேசியாவில் வேல்ஸ் காற்பந்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பெயர்களோடு பேச்சு முடிந்துவிடும். ஒன்று, நம் நாட்டுத் தொழிலதிபர் டான் ஸ்ரீ வின்சென்ட் டானின் கைக்கு வந்த கார்டிஃப் சிட்டி. தலைமுறைகளாக நீலத்தில் ஆடிய குழுவுக்கு 2012இல் சிவப்புச் சட்டை அணிவிக்கப்பட்டதையும், ரசிகர்களின் எதிர்ப்பால் 2015 ஜனவரியில் நீலம் திரும்பியதையும், அந்தச் சட்டையின் மார்பில் ‘மலேசியா’ என்ற பெயர் இருந்ததையும் இங்கே பலர் இன்னும் மறக்கவில்லை. மற்றொன்று, இரண்டு ஹாலிவுட் நடிகர்கள் 2021இல் வாங்கிய ரெக்ஸம். ஆனால் இந்த இரண்டு குழுக்களுமே வேல்ஸ் லீக்கில் ஆடுவதில்லை. வேல்ஸ் குழுக்களைப் பின்தொடர நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

ஆகவே ஒரு குழுவின் பெயரைக் கேட்டவுடன் அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று தேடாமல், எந்த நாட்டின் லீக் வரிசையில் ஆடுகிறது என்று முதலில் தேடுங்கள். கார்டிஃப், ஸ்வான்சி, ரெக்ஸம், நியூபோர்ட் கவுண்டி, மெர்தர் டவுன் ஆகிய ஐந்தும் வேல்ஸ் மண்ணில் இருந்தாலும் இங்கிலாந்தின் லீக் வரிசையில் ஆடுகின்றன. இதற்கு நேர்மாறாக, வேல்ஸின் முதல் நிலை லீக்கில் அதிக முறை வாகை சூடிய த நியூ செயின்ட்ஸ், எல்லைக்கு அப்பால் இங்கிலாந்தின் ஆஸ்வெஸ்ட்ரி நகரில் உள்ள பார்க் ஹால் திடலைத் தன் இல்லமாகக் கொண்டிருக்கிறது. அக்குழு வேல்ஸின் ஒரு சிற்றூரில் தோன்றி, 2003இல் ஆஸ்வெஸ்ட்ரி நகரக் குழுவோடு இணைந்ததால் இப்படி ஆயிற்று. எனவே வரைபடத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது.

இந்தக் குழப்பத்திற்கு வரலாறே காரணம். வேல்ஸ் காற்பந்துச் சங்கம் 1876இல் ரெக்ஸம் நகரில் தொடங்கப்பட்டது. உலகின் மூன்றாவது பழைய காற்பந்துச் சங்கம் அது. வேல்ஸ் கிண்ணப் போட்டி 1877–78 பருவத்திலிருந்து நடந்து வருகிறது. இருந்தும் நாடு தழுவிய ஒரு லீக் 1992 வரை அமையவே இல்லை. வடக்கையும் தெற்கையும் மலைகள் பிரிப்பதால், வசதியுள்ள குழுக்கள் பக்கத்து இங்கிலாந்து நகரங்களோடு ஆடுவதையே எளிதாகக் கண்டன. கார்டிஃபிலிருந்து வடகடற்கரை வரை செல்லும் ஏ470 சாலை ஏறத்தாழ 300 கிலோமீட்டர்தான். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு செல்லும் தூரத்தைவிடக் குறைவு. ஆனால் நம் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையைப் போல அதில் விரைந்து செல்ல முடியாது. தனி லீக் இல்லையென்றால் வேல்ஸ் தேசிய அணியின் தனித்தகுதியே கேள்விக்குள்ளாகலாம் என்ற அச்சம் எழுந்த பிறகுதான் சங்கம் 1992இல் லீக் ஆஃப் வேல்ஸைத் தொடங்கியது. சேர மறுத்த குழுக்கள் சில தங்கள் சொந்தத் திடலில் ஆட முடியாமல் போயின. நியூபோர்ட் குழு இங்கிலாந்தின் கிளாஸ்டரில் போய்த் தன் ‘இல்ல’ ஆட்டங்களை ஆடியது. நீதிமன்றத்தின் துணையோடுதான் அது தன் ஊருக்குத் திரும்பியது.

இப்போது வேல்ஸின் சொந்த லீக் வரிசைக்கு வருவோம். உச்சியில் இருப்பது கம்ரி பிரீமியர். லீக் ஆஃப் வேல்ஸ் என்றும், 2002 முதல் வெல்ஷ் பிரீமியர் லீக் என்றும் அழைக்கப்பட்டு, 2019இல் இந்தப் பெயரைப் பெற்றது. அதன் கீழே வடக்குக்கு ஒன்றும் தெற்குக்கு ஒன்றுமாக கம்ரி நார்த், கம்ரி சவுத். அவற்றின் கீழே நான்கு அர்டால் லீக்குகள், பிறகு வட்டார லீக்குகள். பழைய செய்திகளைப் படிக்கும்போது பெயர் மாறிய ஆண்டுகளை மனத்தில் வைத்திருந்தால் போதும்.

கம்ரி பிரீமியரின் புள்ளிப் பட்டியலைப் படிப்பதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். 2010–11 பருவத்திலிருந்து 12 குழுக்கள் ஆடும் முறை நிலைத்தது. அந்த முறையில் ஒவ்வொரு குழுவும் 22 ஆட்டங்கள் ஆடி முடித்ததும் பட்டியல் இரண்டாகப் பிளக்கப்படும். மேல் ஆறும் கீழ் ஆறும் தத்தமக்குள் இன்னும் பத்து ஆட்டங்கள் ஆடும். பிளவுக்குப் பின் கீழ்ப்பாதிக் குழு எவ்வளவு புள்ளி சேர்த்தாலும் ஏழாம் இடத்திற்கு மேல் ஏற முடியாது. ஆகவே பருவ முடிவில் ஏழாவது குழு ஆறாவது குழுவைவிட அதிகப் புள்ளி வைத்திருப்பதைக் கண்டால் அச்சுப் பிழை என்று எண்ண வேண்டாம். 2026–27 பருவத்திலிருந்து குழுக்களின் எண்ணிக்கையை 16 ஆக உயர்த்தச் சங்கம் முடிவெடுத்தது. எனவே 12 குழுக் காலத்துப் பட்டியல்களையும் புதிய பட்டியல்களையும் ஒரே அளவுகோலால் ஒப்பிடாதீர்கள்.

உரிமம்

வேல்ஸில் ஒரு குழுவின் தலைவிதி திடலில் மட்டும் எழுதப்படுவதில்லை. முதல் நிலையில் ஆட விரும்பும் ஒவ்வொரு குழுவும் சங்கத்திடம் முதல் நிலை உரிமம் பெற வேண்டும். திடலின் தரம், இருக்கைகள், ஒளிவிளக்குகள், இளையோர் பயிற்சி, பயிற்றுநர்களின் தகுதி, கணக்கு வழக்குகள் என எல்லாமே பரிசீலிக்கப்படும். ஐரோப்பியப் போட்டிகளுக்குத் தனி உரிமம் வேண்டும். முடிவுகள் வசந்த காலத்தில், பருவம் முடியும் தறுவாயில் வெளிவரும். மறுக்கப்பட்ட குழு மேல்முறையீடு செய்யலாம். நம் நாட்டில் மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் 2023 பருவத்திற்கான உரிமம் கிடைக்காமல் லீக்கிலிருந்து மறைந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் உடனே விளங்கும்.

ரில் குழு 2009இல் வேல்ஸின் வாகையர். அடுத்த ஆண்டே உரிமம் மறுக்கப்பட்டு இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. பாங்கோர் சிட்டி 2017–18 பருவத்தில் இரண்டாம் இடம் பிடித்தது; அதே கோடையில் உரிமம் இல்லாததால் கீழே இறக்கப்பட்டது. இரண்டாம் இடம் பிடித்த குழு அடுத்த பருவத்தில் பட்டியலிலேயே இல்லாமல் போவதை வெறும் ஆட்ட முடிவுகளை மட்டும் பார்ப்பவர் எப்படிப் புரிந்துகொள்வார்? ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் கோல்களின் செய்திகளைவிட உரிமச் செய்திகளை முதலில் படியுங்கள். ஒரு குழு தாமதமாகச் சம்பளம் தருகிறது, கணக்கை நேரத்தில் ஒப்படைக்கவில்லை, திடல் குத்தகை பற்றி நகர மன்றத்தோடு தகராறு என்று வரும் சிறு செய்திகளையும் கடந்துபோக வேண்டாம். பெரும்பாலான வீழ்ச்சிகள் இப்படிப்பட்ட சிறு செய்திகளில்தான் தொடங்கியிருக்கின்றன.

உடைமை யாருடையது?

உரிமத்திற்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டிய கேள்வி, குழு யாருக்குச் சொந்தம் என்பது. வேல்ஸின் மக்கள்தொகை ஏறத்தாழ 31 லட்சம். சிலாங்கூர் மாநிலத்தின் மக்கள்தொகையில் பாதிகூட இல்லை. கம்ரி பிரீமியரின் பெரும்பாலான ஆட்டங்களைத் திடலில் பார்ப்பவர்கள் சில நூறு பேர்தான். நுழைவுச்சீட்டு வருமானத்தால் மட்டும் ஒரு குழுவால் வாழ முடியாத நிலையில், பணம் போடும் ஒருவர் வந்தால் குழு உயர்கிறது. அவர் விலகினால் விழுகிறது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் குழுவாகத் தொடங்கி பெட்டாலிங் ஜெயா சிட்டியாக வளர்ந்த குழு, 2022 பருவத்தோடு விலகியபோது நம்மவர்கள் அடைந்த வருத்தத்தை வேல்ஸின் பல ஊர்கள் அனுபவித்திருக்கின்றன.

பாரி டவுன் இதற்குச் சிறந்த பாடம். 1996க்கும் 2003க்கும் இடையே ஏழு முறை வாகை சூடிய குழு அது. 2001இல் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் போர்ட்டோவிடம் 8–0 என்று தோற்றுவிட்டு, தன் ஜென்னர் பார்க் திடலில் நடந்த மறு ஆட்டத்தில் அதே போர்ட்டோவை 3–1 என்று வென்றது. 2003இல் பணம் வற்றிக் குழு திவால்நிலை நிர்வாகியின் பொறுப்புக்குச் சென்றது. பத்தாண்டுகள் தத்தளித்த பின், 2013இல் உரிமையாளர் பருவம் முடிவதற்குள்ளேயே அணியை விலக்கிக்கொண்டார். ரசிகர்கள் விடவில்லை. உயர் நீதிமன்றம் வரை சென்று வென்று, கீழ்ப் பிரிவிலிருந்து பாரி டவுன் யுனைடெட் என்ற பெயரில் மீண்டும் ஏறத் தொடங்கி, 2017இல் முதல் நிலைக்குத் திரும்பினார்கள். வேல்ஸ் காற்பந்தில் நான் மிகவும் மதிக்கும் செயல் இதுதான்.

பாங்கோரின் கதை வேறு விதமாக முடிந்தது. 1962இல் ஐரோப்பியக் கிண்ண வாகையர் போட்டியில் இத்தாலியின் நாப்போலியை 2–0 என்று வென்று, மூன்றாவது ஆட்டம் வரை இழுத்துச் சென்ற குழு அது. அந்த வெற்றி நிகழ்ந்த ஃபாரர் ரோடு திடல் இருந்த இடத்தில் இன்று பேரங்காடி நிற்கிறது. 2018இன் இறக்கத்திற்குப் பின் நிர்வாகத்தின் மீது நம்பிக்கை இழந்த ரசிகர்கள், 2019இல் பாங்கோர் 1876 என்ற தங்கள் சொந்தக் குழுவைத் தொடங்கினார்கள். பழைய குழு சில ஆண்டுகளில் போட்டிகளிலிருந்தே மறைய, புதிய குழு வட்டார லீக்கிலிருந்து கம்ரி நார்த் வரை ஏறியது. ரில் 2020இல் மூடப்பட்டபோதும், லானெல்லி 2013இல் நீதிமன்ற ஆணையால் கலைக்கப்பட்டபோதும் அந்தந்த ஊர்மக்கள் புதிய பெயரில் மீண்டும் தொடங்கினார்கள். லானெல்லி டவுன் 2025இல் மறுபடியும் முதல் நிலையை எட்டியது. ஆகவே ஒரு குழுவைத் தேடும்போது பழைய பெயரில் செய்தி நின்றுபோயிருந்தால், அந்த ஊரின் பெயரோடு ஆண்டு எண்ணோ ‘டவுன்’, ‘யுனைடெட்’ போன்ற சொல்லோ சேர்ந்த புதிய குழு இருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் நிலைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு த நியூ செயின்ட்ஸ் சான்று. பெரும்பாலான எதிரணிகளின் ஆட்டக்காரர்கள் பகலில் வேறு வேலை பார்க்கும்போது, இந்தக் குழு முழுநேரத் தொழில்முறைக் குழு. 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு முறை வாகை சூடியது. 2016இல் தொடர்ச்சியாக 27 ஆட்டங்களை வென்று, அயாக்ஸ் 1970களின் தொடக்கத்தில் படைத்த 26 ஆட்டச் சாதனையை முறியடித்தது. 2024–25இல் ஐரோப்பாவின் மூன்றாம் நிலைக் குழுப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் லீக் கட்டத்திற்குத் தகுதி பெற்ற முதல் வேல்ஸ் லீக் குழுவும் அதுவே. ஐரோப்பாவில் கிடைக்கும் பரிசுப் பணம் அடுத்த வாகைக்கான வழியையும் அமைத்துவிடுகிறது. இதனால் லீக்கின் சுவை குறைகிறது என்பது என் கருத்து. எனவே உச்சியில் நடக்கும் போட்டியைவிட ஐரோப்பிய வாய்ப்புக்கான இரண்டாம், மூன்றாம் இடங்களையும் வேல்ஸ் கிண்ணத்தையும் இறக்க அபாயத்தையும் கவனிப்பவருக்கே இங்கே அதிகம் கிடைக்கும். 1992 முதல் ஒரு பருவமும் விடாமல் முதல் நிலையில் ஆடிய அபெரிஸ்ட்வித், நியூட்டவுன் ஆகிய இரண்டு குழுக்களும் 2025இல் ஒன்றாக இறங்கின. அந்தப் பருவத்தின் மிகப் பெரிய செய்தி என்னைப் பொறுத்தவரை அதுதான்.

எந்தக் குழுவைத் தேர்ந்தெடுப்பது?

எல்லாவற்றையும் பின்தொடர முயன்றால் ஒரு மாதத்தில் சலித்துவிடும். இங்கிலாந்து வரிசையிலிருந்து ஒன்று, வேல்ஸ் வரிசையிலிருந்து ஒன்று என இரண்டைத் தேர்ந்தெடுங்கள். முதல் வகையில், 2023, 2024, 2025 என அடுத்தடுத்து மூன்று நிலைகள் ஏறிய ரெக்ஸமை எல்லாரும் பார்க்கிறார்கள். ரெக்ஸம் இங்கிலாந்தின் இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பை எட்டிய அதே 2025இல் கார்டிஃப் அங்கிருந்து இறங்கியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டின் கதையும் தெளிவாகும். சிறிய குழுவை விரும்புபவர் நியூபோர்ட்டைப் பார்க்கலாம். 1989இல் கலைக்கப்பட்டு, ரசிகர்களால் மீண்டும் எழுப்பப்பட்டு, 2013இல் இங்கிலாந்தின் நான்காம் நிலைக்குத் திரும்பிய குழு.

வேல்ஸ் வரிசையில், பிள்ளைகள் கார்டிஃபில் படிக்கும் குடும்பங்களுக்கு கார்டிஃப் மெட் குழுவைப் பரிந்துரைப்பேன். பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ஆடி, 2019இல் ஐரோப்பியப் போட்டி வரை சென்ற குழு அது. பாரியின் ஜென்னர் பார்க்கும் கார்டிஃபிலிருந்து ரயிலில் எளிதாகச் செல்லும் தூரத்தில் இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்தது கேர்னார்ஃபன் டவுன். அங்கே வீட்டிலும் கடையிலும் திடலிலும் வெல்ஷ் மொழியே ஒலிக்கிறது. ஆங்கிலம் சூழ்ந்த நாட்டில் தாய்மொழியில் உற்சாகக் குரல் எழுப்பும் அந்தக் கூட்டத்தைக் கேட்கும் நம்மவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. 2024இல் முதல் முறையாக ஐரோப்பாவுக்குச் சென்ற கேர்னார்ஃபன், வட அயர்லாந்தின் குரூசேடர்ஸ் குழுவைப் பினால்டியில் வென்றது.

நேரமும் காட்சியும்

வேல்ஸ் நேரம், அக்டோபரின் கடைசி ஞாயிறு முதல் மார்ச்சின் கடைசி ஞாயிறு வரை நம்மைவிட 8 மணி நேரமும் மற்ற மாதங்களில் 7 மணி நேரமும் பின்தங்கியிருக்கும். கம்ரி பிரீமியரின் வழக்கமான சனிக்கிழமை ஆட்டங்கள் அங்கே பிற்பகல் 2.30க்குத் தொடங்குகின்றன, நமக்குக் குளிர்காலத்தில் இரவு 10.30, மற்ற நேரங்களில் 9.30. மாமாக் கடையில் இங்கிலீஷ் பிரீமியர் லீக் பார்க்கக் கூடுபவர்கள் கைப்பேசியில் இன்னோர் ஆட்டத்தின் கோல்களைக் கவனிக்க இதைவிட வசதியான நேரம் கிடைக்காது. வெள்ளி இரவு 7.45 ஆட்டங்கள் நமக்குச் சனிக்கிழமை விடியற்காலையில் வருவதால், அவற்றின் சுருக்கக் காட்சிகளைக் காலையில் பார்ப்பதே உடம்புக்கு நல்லது.

வெல்ஷ் மொழித் தொலைக்காட்சியான எஸ்4சியின் ‘ஸ்கோரியோ’ நிகழ்ச்சி 1988 முதல் காற்பந்தைக் காட்டி வருகிறது. அதன் யூடியூப் பக்கத்தில் சுருக்கக் காட்சிகள் வெளிவருகின்றன. வருணனை வெல்ஷில் இருந்தாலும் ஊர்ப்பெயர்களும் ஆட்டக்காரர் பெயர்களும் சில வாரங்களில் காதுக்குப் பழகிவிடும். தொலைக்காட்சிக்காகத் தேர்ந்தெடுக்கப்படும் ஆட்டங்களின் நேரம் மாறும் என்பதால், லீக்கின் அதிகாரபூர்வ அட்டவணையை அந்த வாரத்திலேயே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர் ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜூலை மாதத்திலேயே ஐரோப்பியத் தகுதிச் சுற்றுகள் தொடங்கிவிடுகின்றன. வேல்ஸின் வாகையர் சாம்பியன்ஸ் லீக்கின் முதல் சுற்றிலும் மற்றவர்கள் கான்ஃபரன்ஸ் லீக்கிலும் ஆடுகிறார்கள். மாலை ஆட்டங்கள் மலேசியாவில் நள்ளிரவு தாண்டித்தான் வரும் என்றாலும், நீங்கள் தேர்ந்தெடுத்த குழு தகுதி பெற்றிருந்தால் அதன் இல்ல ஆட்டம் ஒன்றையாவது விழித்திருந்து பார்த்துவிடுங்கள்.